பெரிய அப்பாருவைத் தேடித் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், அண்ணன் பட்டாளத்துக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. பர்மாவில் இறந்துவிட்டார் என்றுதான் அந்தியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இத்தனை காலமும் பேச்சு. அவர் இறந்தது இத்தாலியில், 1944 ஜனவரி கடைசியில் என்று இப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது. அதைத் தெரியவைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் பெரிய அத்தை. வீடு இடித்துக் கட்டியபோதும் தொலைந்துபோகாமல், அவருடைய பட்டாளத்துப் பதக்கத்தை மஞ்சத்துணியில் முடிந்து தகரப் பெட்டிக்குள் காப்பாற்றியவர் அவர்தான். ஆறு முனை நட்சத்திரம். களிம்பேறி எழுத்தே தெரியாது. பக்கத்து ஊரிலிருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் அய்யாவிடம் அதைக் கொண்டுபோனோம். பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். "புளி போட்டுத் தேச்சுப்போடாதீங்க, எழுத்து போயிரும்" என்று சொல்லிவிட்டு, வேட்டித் துணியால் ஒத்தி ஒத்தி எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இது பர்மா ஸ்டார் இல்லீங்க, இத்தாலி ஸ்டாருங்க" என்றார். இத்தாலிப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம் அது. பின்பக்கம் பொடி எழுத்தில் பட்டாள நம்பரும் பெயரும் இருந்தன. பெரிய அப்பாருவும் அதே சாப்பர்ஸ் படைதான். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை என்று அன்று சாயங்காலம் வரை அய்யா சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் எங்கள் ஊர் வாத்தியார். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்திடம் இருக்கிறது. ஈரோடு மாவட்டமே 1979-இல்தான் வந்தது, அதனால் கோயம்புத்தூர் ஜில்லா, பவானி தாலுகா என்று தேட வேண்டும் என்று சொன்னவர் வாத்தியார்தான். வெள்ளைக்காரன் எழுதியிருந்த விதத்தில் எங்கள் ஊர்ப்பெயர் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அவர்தான் கண்டுபிடித்தார்.

அந்தப் பதிவில் இருந்த ஒரு விவரத்துக்காகவே எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிட வேண்டும். இத்தாலியில் சங்ரோ ஆற்றுப் பக்கம் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கென்று தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே 500-க்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் அவர் பெயரும் ஒன்று. "எம்பையனுக்குக் கொள்ளி வைக்க ஆளில்லாமப் போச்சே" என்று எங்கள் கொள்ளுப்பாட்டி கடைசிவரை அழுதாராம். ஆள் இருந்திருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் முறைப்படி செய்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று தெரியாவிட்டாலும் இந்த நன்றி அவர்களுக்கும்தான்.

இத்தாலியில் படிக்கும் தம்பி ஒருவர், எங்களுக்கு உறவுகூட இல்லை, பஸ் மாறி மாறிப் போய் அந்தப் பெயரைப் படமெடுத்து அனுப்பினார். பக்கத்தில் ஒரு கொத்துப் பூவும் வைத்திருந்தார். தம்பி, ஊருக்கு வரும்போது கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

இறந்த நாள் தெரியாததால் இதுவரை ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்கும் சேர்த்துக் கொடுத்துவந்தோம். பவானி கூடுதுறையில் அய்யர் ஒருவர் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து, தை வளர்பிறைச் சதுர்த்தி என்று கணித்துக் கொடுத்திருக்கிறார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வரும் தை மாதம் அந்தத் திதியில், காலையில் கூடுதுறையில் திதி கொடுக்கிறோம். மத்தியானம் எங்கள் தோட்டத்துச் சாளையில் சாப்பாடு. மேலே சொன்ன அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். ஹவில்தார் அய்யா, உங்களைக் கூட்டிவரக் காலையிலேயே வண்டி அனுப்புகிறோம்.