ஏரி நிரம்பி வழிந்து கோடி போகும் நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நெடுஞ்சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். காட்பாடி வட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிர் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். கட்டுமானப் பொறியியலும் படித்தவன். பழைய வட ஆர்க்காட்டின் சாலைகள் ஒவ்வொன்றாக அகலமாகி, உயர்ந்து வருகின்றன. சாலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அதன் குறுக்கே போகும் தண்ணீருக்கு நீங்கள் போடும் கணக்கைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஓடை சாலையைக் கடக்கும் இடத்தில் நீர்ப்பிடிப்புப் பரப்பை அளந்து, சூத்திரத்தில் இட்டு, வரும் வெள்ளத்துக்கு ஏற்பப் பாலத்துக்கு எத்தனை கண் (தண்ணீர் போகும் வழி) என்று முடிவு செய்கிறீர்கள். சென்னை மாகாணத்துக்கென்றே உருவான ரைவ்ஸ் வெள்ளச் சூத்திரத்தில் இடத்துக்கேற்பப் பெருக்கும் எண்களாக மூன்று கெழுக்கள் உண்டு: கடற்கரையிலிருந்து 80 கி.மீ. வரை 6.8, அதற்கு மேல் 160 கி.மீ. வரை 8.5, மலையை ஒட்டிய இடங்களுக்கு 10.2. தூரத்தை மட்டும் பார்த்தால் எங்களுக்கு 8.5 வரும். ஆனால் ஜவ்வாது மலை அடிவாரத்திலும் பேரணாம்பட்டுக் காட்டோரத்திலும் கானாறு எப்படி இறங்கும் என்று பார்த்தவர்கள் அங்கே 8.5 போட மாட்டார்கள், 10.2 போடுவார்கள். அந்த ஓர் எண்ணிலேயே வெள்ளம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

கெழுவைச் சரியாக எடுத்தாலும் ஏரி அந்தக் கணக்கில் இல்லை. என் முதன்மையான குறை இதுதான். இங்கே ஏரிகள் தனித்தனியாக இல்லை. ஒன்று கோடி போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்கு வரத்து. புரட்டாசியில் பாதி காய்ந்து கிடக்கும் ஏரி, பெரு மழையைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளும். கார்த்திகையில் தளும்பி நிற்கும் அதே ஏரியில் விழும் மழை, சற்றுத் தாமதமானாலும் கலங்கல் (உபரிநீர் வழியும் கட்டு) வழியே கீழே இறங்கிவிடும். ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர். மேலே நான்கு ஏரிகள் இருந்து, நான்கும் நிறைந்திருக்கும்போது அந்தத் தண்ணீர் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து உங்கள் சிறுபாலத்துக்குத்தான் வரும். ஒவ்வொரு பாலத்தையும் தனி ஓடையாகக் கருதும் கணக்கு இதைக் காட்டாது.

1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பாலாறு அழித்தபோது, மேலே மைசூர் சமஸ்தானத்தில் பேத்தமங்கலம் ஏரி உடைந்திருந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போனது. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் சேதமடைந்தது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து, குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வறண்டு கிடக்கும் ஆறு என்று பாலாற்றை எழுதிவிட்டவர்கள் அந்த வாரத்தை மறக்கக் கூடாது.

எங்கள் பக்கத்துச் சாலை ஒன்றில் வரத்துக் கால்வாயின் குறுக்கே 900 மி.மீ. விட்டமுள்ள குழாய்கள் இரண்டு பதித்திருக்கிறார்கள். குழாயின் அடி, கால்வாயின் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. கடைசி ஒரு சாண் தண்ணீருக்கு வெளியேற வழியே இல்லை. முதல் மழையிலேயே தென்னை மட்டையும் வேலிகாத்தான் முள்ளும் பாலித்தீன் பையும் வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். பிறகு சாலையே கலங்கல் இல்லாத ஏரிக்கரையாகிவிடுகிறது. மேற்புறத்தில் கதிர் வாங்கிய நெல் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். கீழ்ப்புறத்திலோ, பரவலாக ஓட வேண்டிய தண்ணீர் இரண்டே துவாரங்களில் பீய்ச்சி அடித்து, வரப்பையும் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது. அதே சரிவில் 1200 மி.மீ. குழாய் நிறைந்து ஓடினால், 900 மி.மீ. குழாயைவிட இரு மடங்குக்கு மேல் தண்ணீரைக் கடத்தும். பெட்டி வடிவச் சிறுபாலம் வைத்தால் உள்ளே ஆள் இறங்கித் தூர் வாரலாம். திட்டத்தின் மொத்தச் செலவில் இந்த வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நகருக்குள் சிக்கல் வேறு வகை. சர்வீஸ் சாலையோரக் கால்வாய் எங்கே போய் முடிகிறது என்பதை வரைபடத்தில் காட்டாமலே கட்டி முடித்துவிடுகிறார்கள். வேலூரில் கன்சால்பேட்டை மக்களைக் கேளுங்கள், நிக்கல்சன் கால்வாய் கொள்ளாத தண்ணீர் யார் வீட்டுக்குள் வரும் என்று சொல்வார்கள். வளைவுகளில் நடுவே எழுப்பும் கான்கிரீட் தடுப்பும் மழைநீரை ஒரு பக்கமாகத் தேக்கிவிடுகிறது. அதன் அடியில் போதிய துவாரம் விட்டாலே பாதிக் குறை தீரும்.

'50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு வடிவமைத்தோம்' என்ற பதில் எங்களுக்கு ஆறுதல் தராது. அந்த வெள்ளம் ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு நூற்றுக்கு இரண்டு பங்கு வாய்ப்பு. 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது வருவதற்கு ஏறத்தாழ 45 பங்கு. அதுவும் பழைய மழைப் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு.

ஆகவே, கணினியில் வெள்ள மாதிரியை ஓட்டும்போது மேலேயுள்ள ஏரிகள் அத்தனையும் முழுக் கொள்ளளவில் நிற்பதாக வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். சங்கிலியில் ஓர் ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு முறை ஓட்டுங்கள். சாலை எழும்பிய பிறகு மேற்புறத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பதைப் பாலத்துக்கு அடியில் மட்டும் பார்க்காமல், எந்தெந்த சர்வே எண்ணில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று வரைந்து காட்டுங்கள். பங்குனி வெயிலில் அளவெடுத்துவிட்டுப் போகாமல் ஐப்பசி, கார்த்திகையிலும் வாருங்கள். மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டியைக் கூட்டிக்கொண்டு கால்வாயோடு நடங்கள். எந்த வருஷம் எந்தக் கல் வரை தண்ணீர் ஏறியது என்று அவர் கைகாட்டும் இடங்களை உங்கள் மட்டக் கருவியால் அளந்து, மாதிரி சொல்லும் மட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

இந்தக் கணக்குகளின் முடிவை அறிக்கையாகத் தமிழில், டெண்டர் விடும் முன்பே கிராம சபையில் வையுங்கள். எங்கள் ஏரியின் பெயரும் அதன் கலங்கல் மட்டமும் அதில் இருக்கின்றனவா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
காட்பாடி வட்டத்து ஏரிப் பாசன விவசாயி ஒருவன்