9.39-ஐ ஏன் அழித்தாய், பாப்பா?

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது உன் இயற்பியல் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் தனி ஊசல் சோதனையில், விடையாகப் பென்சிலால் எழுதிய 9.39, 9.58 இரண்டையும் அழித்துவிட்டு, மேலே பேனாவால் 9.8 என்று போட்டிருக்கிறாய். கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தான் மாமா எழுதுவாங்க, 9.8 வரலைன்னா மார்க் போயிடும்" என்றாய். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், அப்போது பேச முடியவில்லை. பொதுவில் எழுதுகிறேனே என்று கோபப்படாதே, இப்போது பிளஸ் ஒன் படிக்கிற எத்தனையோ பிள்ளைகள் கையிலும் இதே ரப்பர் இருக்கிறது.

அழித்த தடம் நன்றாகவே தெரிந்தது. நூல் 50 செ.மீ., 20 அலைவுக்கு (ஒரு முறை போய்த் திரும்பினால் ஒரு அலைவு) 29.0 வினாடி, விடை 9.39. நூல் 100 செ.மீ., 40.6 வினாடி, விடை 9.58. இரண்டுமே குறைவு, ஆனால் நூல் நீளமாக நீளமாகப் பிழை சுருங்குகிறது, கவனித்தாயா? ஸ்டாப்வாட்சைக் கொஞ்சம் முன்னே பின்னே அழுத்தியிருந்தால் விடை மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். இப்படி ஒரே பக்கமாகக் குறைந்தால், எல்லா நீளத்திலும் ஒரே அளவு ஏதோ விட்டுப்போயிருக்கிறது. நீ நூலை முடிச்சு வரைக்கும்தான் அளந்திருக்கிறாய். ஊசலின் நீளம் குண்டின் மையம் வரைக்கும். கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்ந்து சுமார் 2 செ.மீ. வரும், அது 50-ல் 4 சதவீதம், 100-ல் 2 சதவீதம், உன் விடைகளும் சரியாக அவ்வளவுதான் குறைந்திருக்கின்றன!

இன்னொன்று செய்து பார். 29.0-ஐயும் 40.6-ஐயும் 20-ஆல் வகுத்தால் அலைவு நேரம் 1.45, 2.03. அவற்றின் வர்க்கங்களுக்கு இடையே வித்தியாசம் 2.0184, நீளங்களுக்கு இடையே வித்தியாசம் அரை மீட்டர். இந்த இரண்டு வித்தியாசங்களை மட்டும் அதே சூத்திரத்தில் (4π² × நீளம் ÷ அலைவு நேரத்தின் வர்க்கம்) போடு, 9.78 வரும். விட்டுப்போன 2 செ.மீ. இரண்டு நீளத்திலும் இருப்பதால் கழிக்கும்போது அடிபட்டுப் போகிறது. நீளத்துக்கும் அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கும் வரைபடம் போடச் சொல்வதும் இதற்காகத்தான், கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் கொஞ்சம் விலகிப் போகும், அந்த விலகல்தான் உன் 2 செ.மீ. சென்னைப் பக்கம் புவியீர்ப்பு முடுக்கம் உண்மையிலேயே 9.78-தான், 9.8 என்பது முழுதாக்கிய எண். சரியான விடை உன் பென்சில் எழுத்துக்குள்ளேயே இருந்தது, அதைத்தான் அழித்திருக்கிறாய்.

(எப்போதாவது 10.8 மாதிரி வந்தால் எண்ணிக்கையைச் சந்தேகப்படு. குண்டை விடும்போதே "ஒன்று" என்று ஆரம்பித்தால் 19 அலைவுதான் ஆகியிருக்கும். "பூஜ்யம்" என்று ஆரம்பி.)

நீட்டுக்கு நேரம் போதவில்லை, இதற்கெல்லாம் எங்கே என்பாய். நீட் பாடத்திட்டத்தில் செய்முறைத் திறன்கள் தனி அலகாகவே இருக்கின்றன, வெர்னியர், திருகு அளவி, ஊசல் எல்லாம் அதில் வரும். ஊசலின் நீளம் 44 சதவீதம் கூடினால் அலைவு நேரம் எத்தனை சதவீதம் கூடும் என்று ஒரு கேள்வி அடிக்கடி பார்த்திருப்பாய். விடையை மனப்பாடம் செய்யாதே. வாசல் நிலையில் ஒரு ஆணி, நூல், சின்னப் பூட்டு, உன் அம்மாவின் போன் போதும். பூட்டின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. வைத்து 20 அலைவு எண்ணு, சுமார் 20 வினாடி ஆகும். அப்புறம் 36 செ.மீ. வை, 24 வினாடி ஆகும். 25-க்கு 36 என்பது 44 சதவீதம் அதிகம், 20-க்கு 24 எவ்வளவு அதிகம் என்று நீயே பார்த்துக்கொள். குண்டை அதிகம் இழுத்து விடாதே, கோணம் பெரிதானால் அலைவு நேரமும் கூடிவிடும்.

நோட்டில் 9.39-ஐயும் 9.58-ஐயும் திரும்ப எழுது. கீழே "நீளம் முடிச்சு வரை மட்டும் அளக்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்து, 9.78 வந்த கணக்கையும் போடு. மார்க் குறைத்தால் சொல், நான் வந்து உங்கள் மிஸ்ஸிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா