அப்பாவின் மாத்திரையும் என் வேலையும்

டிரெஸ்டன், ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே இப்போது நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஞாயிறன்று கடைகள் அடைப்பு. சனிக்கிழமையே அரிசி, தயிர் வாங்கி வைக்காவிட்டால் ரொட்டிதான். எல்பே ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. அதற்கு மேட்டூர் திறப்பு, அடைப்பு என்ற கவலையெல்லாம் கிடையாது.

நாள் முழுக்க அப்படி எதைத்தான் பார்க்கிறாய் என்று கேட்டீர்கள். போனில் சொல்ல வரவில்லை.

நம் செல்களுக்குள் டியூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து நுண்குழாய்களாக நீள்கிறது. தடிமன் 25 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். அதன் மேல் கைனெசின் என்ற இன்னொரு புரதம் சரக்கைச் சுமந்துகொண்டு நடக்கிறது. நிஜமாகவே நடக்கிறது அப்பா! நெல் மூட்டையோடு வரப்பில் போகிற ஆள் மாதிரி, ஒரு கால் பிடித்த பிறகுதான் மறுகாலை எடுக்கும். ஓர் அடிக்கு 8 நானோமீட்டர். நொடிக்குச் சுமார் நூறு முறை அடி வைக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஏடிபி செலவு. ஏடிபி என்பது செல்லுக்கு எரிபொருள் மாதிரி. எதிர்த்திசையில் வரும் சரக்குக்கு டைனீன் என்று வேறொன்று.

இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே நரம்பு செல் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள்கிறது. வேகமான சரக்கே அந்தக் கோடிக்குப் போய்ச் சேர நாள் கணக்கில் ஆகும். கைனெசினை 1985இல் கண்டுபிடித்தது கணவாயின் தடித்த நரம்பை வைத்துத்தான்.

இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பில் கைனெசின் பச்சைப் புள்ளிகளாகக் குழாயோடு நகர்வதைப் பார்ப்பதுதான் என் வேலை. ஏடிபி தீர்ந்தால் அப்படியே நின்றுவிடும். குளிர் பட்டால் குழாயே கலைந்துபோகும். அதனால் அதற்கு மட்டும் நம்மூர் வெயில், 37 டிகிரி. டியூபுலின் எடுப்பது பன்றி மூளையிலிருந்து. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கட்டைவிரல் வீங்கும்போது டாக்டர் எழுதித் தருகிறாரே, கோல்சிசின்? நம் கொல்லை வேலியில் படர்கிற கண்வலிக்கிழங்கிலும் இருப்பது அதுதான். டியூபுலினைப் பிடித்துக்கொண்டு குழாயை நீளவிடாது. வீக்கத்துக்குக் காரணமான வெள்ளணுக்கள் அதனால் அடங்குகின்றன. அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை இருக்க, கிழங்கை அரைத்துக் குடிக்கச் சொல்லி யார் வந்தாலும் கேட்காதீர்கள். அக்கா பிள்ளைகளையும் ஆட்டையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சம்பா அறுப்புக்கு மிஷின் கிடைத்ததா? மணிக்கு என்ன வாடகை கேட்கிறார்கள்? தம்பியை எழுதச் சொல்லுங்கள், பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்