2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோவை கணபதி வட்டாரத்தில் ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் ஆர்டருக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்களான நம் சங்கத்தின் செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரவில்லை. பீக் ஹவர் மின்கட்டணம் பற்றி மனு கொடுத்தோம். ஆயுத பூஜை நல்லபடியாக நடந்தது.

இனி சங்கத்து சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டர் கன்ட்ரோலில் ஓடும் கடைசல் மெஷின். பழைய மெஷினை வாங்க வைத்தது நான்தான் என்று டீக்கடை வரை பேச்சு இருப்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். சக்கில் (ஜாப்பைப் பிடிக்கும் தலை) பிடித்து 150 மி.மீ. நீளம் கடைந்தால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் விட்டத்தில் 40 மைக்ரான் (0.04 மி.மீ.) வித்தியாசம், அதாவது டேப்பர், வந்தது. "பால் ஸ்க்ரூ போச்சுங்க, மாத்தீருங்க" என்று, ஸ்லைடை நகர்த்தும் திருகின் மேல் பழி போட்டு, ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

முதலில் மெஷின் மட்டமாக நிற்கிறதா என்று லெவல் பார்த்தோம். வால்பக்கத்து லெவலிங் போல்ட் ஒன்று கையாலேயே சுற்றியது. அந்தக் கால் தரையில் ஊன்றவே இல்லை. மெஷினின் அடித்தளமான பெட் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வையும் காட்டும் லெவல் கருவியை வைத்து, குமிழி அசையாமல் நிற்க ஒன்றரை நாள் ஆனது. டேப்பர் 10 மைக்ரானுக்கு இறங்கியது. செலவு டீயும் வடையும்.

சைஸ் மட்டும் நிற்கவில்லை. விட்டத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ் ஆக்சிஸில் பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது விடும் இடைவெளி, 0.03 மி.மீ. விட்டத்தில் அது இரட்டிப்பாகி 0.06. முன்பு வைத்திருந்தவர் மெஷினின் கம்ப்யூட்டரான ஃபானக் கன்ட்ரோலில் 1851 பாராமீட்டரில் எண்ணைப் போட்டு ஓட்டியிருக்கிறார். ஸ்லைடு திசை மாறும்போது விடும் இடைவெளியைத்தான் அது ஈடுகட்டும். வெட்டும்போது ஸ்க்ரூவே முன்னும் பின்னும் ஆடினால் எண் என்ன செய்யும்? பிரித்தால், ஸ்க்ரூ நீளவாக்கில் ஆடாமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கின் லாக்நட் தளர்ந்திருந்தது, பேரிங்கில் குழி விழுந்திருந்தது. ஸ்க்ரூ நன்றாகவே இருக்கிறது. ஆயில் லைன் ஒன்று அடைத்து, ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் கிப் பட்டை பக்கம் எண்ணெயே போகாமல், துடைத்த வெள்ளைத் துணியில் செம்பழுப்புப் பொடி ஒட்டியது. பேரிங் மாற்றி, லைன் சுத்தம் செய்து, கிப் பிடித்தபின் டயலில் பேக்லாஷ் 5 மைக்ரான்.

காலையில் ஒரு சைஸ், மதியம் ஒரு சைஸ் என்று இன்னும் புகார் வருகிறது. மெஷின் சூடேறினால் மீட்டர் நீள இரும்பு ஒரு டிகிரிக்கு 11, 12 மைக்ரான் நீளும். சூடு நிலைக்க இருபது நிமிடம் சும்மா ஓடவிட்டு ஜாப் ஏற்றுங்கள். கரன்ட் பில்லைக் காட்டி இதைத் தவிர்ப்பவர்கள், ரிஜெக்ட் ஆன பீஸ்களை எடை போட்டுப் பார்க்கலாம்.

ஞாயிறுகளில் கை கொடுப்பதாக ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தவர்கள் இருவர். மூன்றாமவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு என்பது வரை நான் சொல்லலாம். சந்தா 19 பேர் பாக்கி. அதில் 11 பேரின் ஜாப் அந்த மெஷினில்தான் ஓடுகிறது. பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, வாசிக்கப் போவதில்லை.

இடம் தந்த தலைவருக்கும், கூலியைப் பிறகு வாங்கிக்கொண்ட ஃபிட்டருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு டர்ரட் (டூல்களைத் தாங்கிச் சுழலும் தலை) அலைன்மென்ட் பார்க்க வேண்டும். நானே செயலாளராகத் தொடர வேண்டும் என்பதில்லை. யாராவது முன்வந்தால் சாவியை இன்றே தருகிறேன். யார் வந்தாலும் அந்த லெவல் கருவி திரும்ப வேண்டும். மார்கழியில் "ரெண்டு நாள்ல தர்றேன்" என்று ஒரு உறுப்பினர் எடுத்துப்போனது. பெட்டி மட்டும் அலுவலகத்தில் இருக்கிறது.

செயலாளர்