அக்டோபரில் பழுத்த ராஸ்பெர்ரி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி நாலைந்து தரம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜூலையில் பழம் பறித்து முடித்த வரிசையில், அக்டோபர் நடுவில், பச்சைத் தண்டின் நுனியில் ஏழெட்டுச் சிவப்புப் பழங்கள். கூடவே உன் செய்தி: செடிக்கு ஏதோ கோளாறு, எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிடப் போகிறாய் என்று. தயவுசெய்து கத்தரியைக் கீழே வை. நோயும் இல்லை, கோளாறும் இல்லை. இப்போது வெட்டினால் அடுத்த ஜூலையில் உனக்கு ஒரு பழம்கூடக் கிடைக்காது. இதே சந்தேகத்தை இன்னும் சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கொல்லை வாழையை நினைத்துப் பார். தார் வெட்டியதும் அப்பா தாய்மரத்தைச் சாய்த்துவிடுவார், பக்கக்கன்று மேலே வரும். ராஸ்பெர்ரியும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேர் பல வருஷம் இருக்கும், ஆனால் மேலே வரும் ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுள் இரண்டே வருஷம். முதல் வருஷம் பச்சையாக வளரும். இரண்டாம் வருஷம் பட்டை பழுப்பாகி, பக்கக் கிளை விட்டு, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ காய்த்துவிட்டுச் செத்துப்போகும். இது கோடை ரகம். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரப் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'க்ளென் ஆம்பிள்' இந்த வகை. இலையுதிர்கால ரகம் அவ்வளவு பொறுக்காது. தெற்கு இங்கிலாந்தில், கென்ட்டின் ஈஸ்ட் மாலிங்கில் உருவான 'ஆட்டம் ப்ளிஸ்' போன்றவை, முளைத்த வருஷமே ஆகஸ்ட் கடைசியில் நுனியிலிருந்து காய்க்கத் தொடங்கிவிடும்.

கவாத்து விதி இதிலிருந்துதான் வருகிறது. கோடை ரகத்தில் காய்த்து முடித்த பழைய தண்டை மட்டும் வெட்ட வேண்டும், புதியதைக் கம்பியில் கட்ட வேண்டும். இலையுதிர்கால ரகமானால் பிப்ரவரியில் எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிடலாம். புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். வீட்டை விற்றுப் போனவர் பெயர்ச்சீட்டு எதுவும் விட்டுவைக்காத உன் தோட்டத்தில் இந்த விதி எப்படி உதவும்?

உன் செடிக்கு இரண்டு வாய்ப்பு இருக்கிறது. ஒன்று, அது இலையுதிர்கால ரகமாக இருக்கலாம். போன பிப்ரவரியில் நீ வீடு மாறும் அலைச்சலில் இருந்தாய், யாரும் வெட்டவில்லை. அப்படி விட்டால் போன வருஷத் தண்டின் கீழ்ப்பாதி கோடையில் காய்க்கும், இந்த வருஷத் தண்டு இப்போது காய்க்கும். இன்னொன்று, கோடை ரகமே நேரம் தப்பிக் காய்ப்பது. செப்டம்பரில் பகல் குறுகி, குளிர் இறங்கும்போது கோடை ரகத்தின் புதுத்தண்டில் பூமொட்டு உருவாகும். குளிர்காலம் முழுக்க உறங்கி வசந்தத்தில்தான் விழிக்க வேண்டும். உறங்குவதற்கு முன்னால் நாலு நாள் இதமாக வெயில் அடித்தால், நுனி மொட்டுகள் சில முந்திக்கொள்ளும்.

எது என்று எப்படித் தெரியும்? வரிசையை நடந்து பார். ஏறக்குறைய எல்லாப் பச்சைத் தண்டுகளிலும், நுனியிலிருந்து ஒரு முழத்துக்குப் பூவும் காயும் இருந்தால் இலையுதிர்கால ரகம்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெறும் நுனியில் மட்டும் இருந்தால் கோடை ரகம். உன் படத்தைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது, ஆனால் படத்தில் மூன்று தண்டுதானே தெரிகிறது.

நல்ல விஷயம் என்னவென்றால், எதுவாக இருந்தாலும் இந்த வருஷம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஜூலையில் காய்த்த பழுப்புத் தண்டுகளை அடியோடு வெட்டு. குச்சி மிச்சம் வைக்காதே, அதில்தான் பூஞ்சை ஏறும். பச்சைத் தண்டில் பழம் வந்த நுனியை மட்டும், கடைசிப் பழத்துக்குச் சற்றுக் கீழே வெட்டு. அந்த மொட்டுகளின் வேலை முடிந்தது, அவை இனிக் காய்க்காது. அதற்குக் கீழே உள்ளவை இன்னும் உறங்குகின்றன, அவைதான் உன் அடுத்த கோடைப் பழம். வலுவான தண்டுகளை 10 செ.மீ. இடைவெளியில் கம்பியில் கட்டிவிட்டு, நோஞ்சானாக இருப்பதையெல்லாம் எடுத்துவிடு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே வந்த புதிதில் நானும் ஒரு பிப்ரவரியில், யாரோ சொன்னார்கள் என்று முழு வரிசையையும் மொட்டையடித்தேன். கோடை ரகம் அது. அந்த வருஷம் முழுக்க இலையைத்தான் பார்த்தேன். அப்போது யாராவது தண்டைப் பார்க்கச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எல்லோரும் மாதத்தைத்தான் சொன்னார்கள்.

அப்புறம், அது இலையுதிர்கால ரகம் என்று உறுதியானாலும், ஸ்காட்லாந்தின் பெர்த்தில் இருக்கும் நீ பிப்ரவரியில் முழுவதையும் வெட்டாமல் பாதி வரிசையை விட்டுவைப்பதே நல்லது என்பது என் எண்ணம். தெற்கே இருக்கும் எனக்கு அக்டோபர் முழுக்கப் பழுக்கும். உங்கள் ஊரில் உறைபனி முந்திக்கொண்டு பாதிக் காயைக் கெடுத்துவிடும். ராஸ்பெர்ரிக்கே பேர்போன ப்ளேர்கௌரி உனக்கு அரை மணி நேரப் பயணம்தான். அந்த மண்ணும் நீண்ட கோடைப் பகலும் ஜூலைப் பழத்துக்கு எவ்வளவு ஏற்றவை என்று போய்ப் பார்த்துவிட்டு வா.

பழம் வந்த பச்சைத் தண்டுகளின் அடியில் இன்றே ஒரு சிவப்பு நூல் கட்டிவை, அடுத்த கோடையில் எது எங்கே காய்த்தது என்று அடையாளம் தெரியும். நுனியில் இருக்கும் அந்த ஏழெட்டுப் பழத்தையும் இருட்டுவதற்குள் பறித்து மருமகளிடம் கொடு. ராத்திரி உங்கள் பக்கம் உறைபனி என்று சொல்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா