அவித்த முட்டையும் வெயிலில் வைத்த இன்சுலினும்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையொன்று, முட்டையை அவித்தால் அதிலுள்ள புரதம் அழிந்துவிடும் என்று கூறியிருந்தது. கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு நீண்டகாலம் இரசாயனம் கற்பித்தவன் என்ற முறையில் இதைத் திருத்துவது என் கடமை எனக் கருதுகிறேன். இப்படியான சொல்லை நம்பிப் பிள்ளைகளுக்குப் பச்சை முட்டை கொடுக்கும் தாய்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

புரதம் என்பது பெப்ரைட்டுப் பிணைப்புகளால் அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட சங்கிலி. ஐதரசன் பிணைப்புகள் அதைச் சுருளாகவும் மடிந்த தாளாகவும் வளைக்கின்றன. நீரை வெறுக்கும் பகுதிகள் உள்ளே ஒதுங்குகின்றன. சில இடங்களில் இரண்டு கந்தக அணுக்கள் இணைந்து பூட்டுப் போடுகின்றன. பெப்ரைட்டுப் பிணைப்பு வலியது. ஐதரசன் பிணைப்போ தனியே நலிந்தது. பலவாகச் சேர்ந்து நிற்பதாலேயே வடிவத்தைத் தாங்குகிறது. கொதிநீர் நலிந்த பிணைப்புகளைக் குலைக்கிறதேயன்றிச் சங்கிலியை அறுப்பதில்லை. அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான், கண்ணாடிபோல் இருந்த வெள்ளைக்கரு வெளுத்து இறுகுகிறது. உணவுப் புரதத்தை எங்கள் குடல் எப்படியும் துண்டு துண்டாக வெட்டியே உறிஞ்சுவதால், அது அவிழ்ந்து கிடப்பது சமிபாட்டுக்கு வசதியே. பச்சை முட்டையில் இருக்கக்கூடிய, வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லாக் கிருமியின் அச்சமும் நீங்கும்.

ஆனால், வடிவத்தாலேயே வேலை செய்யும் புரதங்களுக்கு இந்த நியாயம் பொருந்தாது. நீரிழிவு நோயாளர் ஊசியாக ஏற்றும் இன்சுலின் அத்தகைய புரதம். அதில் 51 அமினோ அமிலங்கள், 21 உம் 30 உமாக இரண்டு சங்கிலிகளில், மூன்று கந்தகப் பூட்டுகளுடன் அமைந்துள்ளன. அந்த வடிவம் குலைந்தால், ஓர் அமினோ அமிலம்கூடக் குறையாதபோதும் மருந்து பயன்படாது. கடந்த சித்திரை வெயிலில், அயல்வீட்டு அம்மா ஒருவரின் இன்சுலின் குப்பி தகரக் கூரையின் கீழ் யன்னல் கட்டில் இருக்கக் கண்டேன். தெளிவாக இருக்கவேண்டிய அவ்வகை மருந்தில் நூல்நூலாக வெண்மை மிதந்தது. "குளிர்த்தண்ணிக்குள்ள வைச்சா சரிவந்திடும்தானே, மாஸ்டர்?" என்று கேட்டார்.

சரிவராது. குலைந்த புரதமொன்று தானாகவே பழைய வடிவத்துக்கு மீளலாம் என்பதை ரைபோநியூக்கிளியேசு என்ற நொதியத்தில் காட்டியே அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்ரியன் அன்பின்சன் 1972 இல் நோபல் பரிசு பெற்றார் என்பது உண்மை. ஆனால் அது ஆய்வுகூடத்தின் ஐதான கரைசலில், மிகுந்த கவனத்துடன் நடந்தது. குப்பிக்குள் ஒன்றோடொன்று சிக்கித் திரண்ட சங்கிலிகள், அவித்த முட்டையைப் போலவே, குளிர்ந்தாலும் பிரிவதில்லை.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகள் வன்னியில் இன்னும் உள்ளன. அவ்வீடுகளில், பாவனையிலுள்ள குப்பியை ஈரமணல் இட்ட மண்பானைக்குள் சிறு சட்டியொன்றில் நனையாமல் மூடி, நிழலில் வைக்கலாம். பனிக்கட்டியோடு வைக்கக்கூடாது, உறைந்தாலும் இன்சுலின் கெடும். இதைக் கிளினிக்குகளில் மருந்து கொடுக்கும்போதே தமிழில் எழுதிக் கொடுக்குமாறு சுகாதாரப் பகுதியினரையும், முட்டை பற்றிய திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுமாறு தங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர்,
கிளிநொச்சி.