ஃபைன் போட்டு அனுப்பாதீர்கள், ஃபிலிமைக் கிழித்து அனுப்புங்கள்

எங்கள் ஊர்ப் போக்குவரத்துக் காவல் அதிகாரிகளுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களுக்கும், கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் ஒருவனின் வணக்கம்.

கார் கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முன், பின் கண்ணாடி வழியே 70 சதவீதம், பக்கக் கண்ணாடி வழியே 50 சதவீதம் வெளிச்சமாவது வர வேண்டும் என்கிற, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆவது விதி நீங்கள் தினமும் புரட்டுகிற புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அது தெரிய ஆடி மாதம் வர வேண்டியிருந்தது.

ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின நாள். இரவு ஒன்பதரைக்குக் கடையைக் கட்டிவிட்டு, மறுநாளைக்கான உதிரி மல்லி மூட்டையை முன்னால் வைத்து, மனைவியைப் பின்னால் உட்கார வைத்து டிவிஎஸ் 50-இல் வந்துகொண்டிருந்தேன். லேசான சாரல். மருந்துக்கடை அடைத்திருந்தது, தெருவிளக்கு வழக்கம்போல எரியவில்லை. ஓரமாக ஒரு வெள்ளைக் கார் நின்றது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்த்தேன். எங்களைப் போன்றவர்கள் ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியைத்தான் அதிகம் கவனிப்போம். சீட்டில் ஒரு தலை தெரிந்தால் கை தானாக பிரேக்குக்குப் போகும். அன்று தலை தெரியவில்லை, கறுப்புப் பலகை மாதிரி கண்ணாடிதான் தெரிந்தது. பக்கத்தில் போனபோது கார் விருட்டென்று சாலைக்கு ஏறியது. எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. மனைவி வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

இறங்கி ஓடிவந்த பையன் கெட்டவன் இல்லை. குடித்திருக்கவும் இல்லை. "சத்தியமா பாக்கலண்ணே. ராத்திரில கண்ணாடிய எறக்கிட்டுதான் பின்னால பாத்து எடுப்பேன். சாரல் அடிச்சதுன்னு ஏத்திட்டேன்" என்றான். ஆஸ்பத்திரிக்கும் அவன்தான் கூட்டிப் போனான். ஆனால் அவன் சொன்னதை யோசித்துப் பாருங்கள். சொந்தக் காரின் சைடு மிரர் தெரிய, சொந்தக் காரின் கண்ணாடியை இறக்க வேண்டும். மழை பெய்தால் அதுவும் கிடையாது.

ஒரு கையால் பூக்கட்ட முடியாது ஐயா. இடது கை பூவைப் பிடிக்க வேண்டும், வலது கை நாரைச் சுற்ற வேண்டும். நாற்பத்தைந்து நாள் மாவுக்கட்டு. ஆடி வெள்ளி முழுக்கக் கூலிக்கு ஆள் வைத்துக் கட்டினேன். கட்டு பிரித்த பிறகும், ஒரு முழத்துக்கு ஒரு தடவை கையை உதறிக்கொள்கிறாள். வருஷத்தில் நாங்கள் நாலு காசு பார்க்கிற மாதம் அது. அதைப் பற்றி இங்கே அழப் போவதில்லை.

நீங்கள் அந்தக் காருக்கு 500 ரூபாய் ஃபைன் போட்டீர்கள், நன்றி. அடுத்த வாரமே அதே கார், அதே ஃபிலிமோடு, அதே மருந்துக்கடை எதிரில் நின்றது. கட்டிய ரசீது இருக்கிறதாம். கோயிலில் வாங்கும் அர்ச்சனைச் சீட்டா அது, ஒரு தடவை வாங்கிவிட்டால் உள்ளே போய்க்கொண்டே இருக்க? 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்து, மே 4 முதல் அமல்படுத்தச் சொன்னது. அதே வழக்கில் ஆகஸ்ட் மாதம், ஃபைன் போடுவதோடு நிறுத்தாமல் ஒட்டியதை அங்கேயே அகற்ற வேண்டும் என்றும் சொன்னது. என் மகள் கைப்பேசியில் எடுத்து வாசித்துக் காட்டினாள். நான் கேட்பதும் அவ்வளவுதான். கிழித்து அனுப்புங்கள்.

இப்போது சட்டம் மாறிவிட்டது என்று ஃபிலிம் ஒட்டும் கடைக்காரர் என்னிடமே சொன்னார். பாதி உண்மை. விதியில் வந்த திருத்தத்தைக் காட்டி, ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. ஆனால் அங்கேயும் அதே 70, அதே 50. மீதிப் பாதியைக் கடையில் யாரும் சொல்வதில்லை. "அம்பது பர்சன்ட் ஃபிலிம் சார், லீகல்" என்கிறார்கள். கம்பெனியிலிருந்து வருகிற கண்ணாடியே எல்லா வெளிச்சத்தையும் விடாது. அது 70 விடுகிறது என்றால், அதன்மேல் 50 ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 35. முழம் போட்டு விற்கிற எனக்கே இந்தக் கணக்கு வருகிறது. வெளிச்சத்தை அளக்க ஒரு மீட்டர் உண்டாமே, அதை வாங்கி வைத்தால் நடுரோட்டில் வாக்குவாதமே இருக்காது.

வெயில் என்பார்கள். உண்மைதான், எங்கள் ஊர் சித்திரை வெயில் எனக்கும் தெரியும், கூரையில்லாமல் டிவிஎஸ் ஓட்டுகிறேன். சூட்டைத் தடுக்கக் கண்ணாடி கறுப்பாக இருக்க வேண்டியதில்லை, வெளிச்சத்தை விட்டுச் சூட்டை நிறுத்துகிற வகைகளும் விற்கின்றன. கட்சிக் கொடி கட்டிய கார்களுக்கு மட்டும் வெயில் கூடுதலாக அடிக்குமோ என்னவோ. அவை போகும்போது உங்கள் ஆட்கள் வேறு பக்கம் பார்ப்பதைக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இசட் பிளஸ் பாதுகாப்பு வட்டச் செயலாளர் வரைக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. இன்னொன்று: கறுப்பு ஒட்டி இருட்டில் தெரியாமல் போனவர்கள், அதைச் சரிக்கட்ட எல்இடி போட்டு எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கிறார்கள். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, தெருவிளக்கோ எரியவே இல்லை. சரி, விளக்கு உங்கள் துறை இல்லை. அதற்கு வேறு இடத்தில் மனு கொடுத்து வைத்திருக்கிறேன், அதுவும் இருட்டில்தான் கிடக்கிறது.

கோபத்தில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் மழையிலும் நாற்சந்தியில் நிற்கிற உங்கள் காவலர்களுக்கும் ஓட்டுகிறவரின் முகம் தெரிய வேண்டும். கையைக் காட்டி நிறுத்தும்போது அவர் பார்த்தாரா இல்லையா என்பது அவர்கள் உயிர் விஷயமும்தான்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஃபைன் போடுகிற இடத்திலேயே ஃபிலிமையும் கிழியுங்கள், கொடி கட்டிய வண்டியிலிருந்து ஆரம்பித்து. சோதனையைப் பகலில் மட்டும் வைக்காமல், கோயில் நடை சாத்தி நாங்கள் வீட்டுக்குப் போகிற ஒன்பதரை மணிக்கும் ஒருநாள் வையுங்கள். மருந்துக்கடை எதிரில் நிற்கிற காரின் எண்ணைத் தனிச்சீட்டில் எழுதி ஏற்கெனவே உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பையன் மேல் எனக்குப் புகார் இல்லை, கண்ணாடி மேல்தான்.

இப்படிக்கு,
கோயில் வாசல் பூக்கடைக்காரன்